கார் ஸ்டார்ட் ஆகலையா? சாவியை மறுபடி திருகுறதுக்கு முன்னாடி காதைக் கொடுத்துக் கேளுங்க!

'வண்டி ஸ்டார்ட் ஆகலை' என்பது ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால், அதற்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு பிரச்னைகள் ஒளிந்திருக்கின்றன. பேட்டரி டவுன் ஆகியிருக்கலாம். செல்ஃப் மோட்டார் மக்கர் பண்ணலாம். பெட்ரோல் ஏறாமல் இருக்கலாம். சாவியை கார் அடையாளம் கண்டுபிடிக்காமல் இருக்கலாம். இல்லை, நீங்கள் கிளட்ச்சை முழுசாக மிதிக்காமலேயே பட்டனை அமுக்கிக்கொண்டு இருக்கலாம்!

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், எது பிரச்னை என்பதை கார் நமக்குச் சொல்லிவிடுகிறது. சாவியைத் திருகும்போது வரும் சத்தம், அல்லது வராத சத்தம், அதுதான் முதல் ரிப்போர்ட். அதைக் கேட்காமல் 'இன்னொரு தடவை... இன்னொரே ஒரு தடவை' என்று திருகிக்கொண்டே இருந்தால், கொஞ்சம் உயிரோடு இருக்கும் பேட்டரியும் படுத்துவிடும். சில நேரங்களில் அந்த 'இன்னொரு தடவை', ஒரு முழு என்ஜினையே காவு வாங்கிவிடும்.

மெக்கானிக் ஆகத் தேவையில்லை. எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம், எதை நாமே பார்க்கலாம், எப்போது கையைக் கட்டிக்கொண்டு போன் பண்ண வேண்டும்... இந்த மூன்றும் தெரிந்தால் போதும். இந்தப் பக்கத்தை போனில் சேவ் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கார் எப்போது கைவிடும் என்று யாருக்கும் தெரியாது.

ஸ்டார்ட் ஆகும்போது உள்ளே என்ன நடக்கிறது?

அந்தக் கால கார்களை முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ணினார்கள். ஹேண்டில் திருப்பி அடித்து கை உடைந்தவர்கள் ஏராளம். 1912-ம் ஆண்டு காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய எலெக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. இன்று வரை அடிப்படை அதேதான்.

சாவியைத் திருகினதும் பேட்டரியிலிருந்து கரன்ட் கிளம்புகிறது. ரிலே, சாலினாய்டு வழியாக செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. செல்ஃப் மோட்டார் என்ஜினைச் சுற்றுகிறது. என்ஜின் சுற்றும்போது காற்றும் எரிபொருளும் சரியான அளவில் உள்ளே போய், சரியான நேரத்தில் ஸ்பார்க் விழுந்தால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். டீசலில் ஸ்பார்க் கிடையாது, அழுத்தத்தில் வரும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும்.

ஆக, கேள்வி ஒன்றுதான். என்ஜின் சுற்றுகிறதா, இல்லையா? சுற்றவே இல்லை என்றால் பிரச்னை பெரும்பாலும் கரன்ட் பக்கம். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் எரிபொருள், ஸ்பார்க், சென்சார் பக்கம். மெக்கானிக்குகள் 'செல்ஃப் எடுக்குதா?' என்று முதல் கேள்வி கேட்பது இதற்காகத்தான்.

சாவியையே தொடக் கூடாத 3 நேரங்கள்

எதைச் செய்வது என்று பார்ப்பதற்கு முன்னால், எப்போது எதுவுமே செய்யக் கூடாது என்பதைப் பார்த்துவிடுவோம்.

1. கார் வெள்ளத்தில் நின்றிருந்தால்: 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இது பழகிய வலி. மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நிற்பது சும்மா இல்லை. தண்ணீர் வடிந்ததும், 'ஓடுதான்னு பார்ப்போமே' என்று சாவியைத் திருகுவதுதான் பலரும் செய்வது. அங்கேதான் ஆபத்து.

காற்று போகும் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். காற்றை அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. செல்ஃப் எடுத்து பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் வழிவிடாமல் நிற்க, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதைத்தான் ஹைட்ரோலாக் என்கிறார்கள். அதுவரை கழுவிக் காயவைத்து, ஆயில் மாற்றினால் பிழைத்திருக்கக்கூடிய என்ஜின், அந்த ஒரு திருகலில் பிரித்து மேய வேண்டிய நிலைக்குப் போய்விடும்.

இன்னொரு அடி இன்ஷூரன்ஸில் விழும். காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெள்ளச் சேதத்துக்கு கவர் உண்டு. ஆனால், தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணியதால் என்ஜின் போனால், அது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் இல்லை என்று சொல்லி கிளெய்மை மறுப்பது வழக்கம். 'என்ஜின் புரொடெக்‌ஷன்' ஆட்-ஆன் எடுத்தவர்களுக்குத்தான் அங்கே வாய்ப்பு. அதிலும் பாலிசியின் நிபந்தனைகளைப் படித்துப் பார்ப்பது நல்லது. வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால் உங்கள் காருக்கு எதுவும் கிடைக்காது.

எனவே, தண்ணீர் காருக்குள் தரைவிரிப்பு வரை ஏறியிருந்தால் சுவிட்ச்சைக்கூட ஆன் பண்ணாதீர்கள். தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்பது தெரியும்படி போட்டோ, வீடியோ எடுங்கள். பாதுகாப்பாகச் செய்ய முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, காரை டோ வண்டியில் ஏற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். ஓட்டிக்கொண்டு போகும்போதே தண்ணீரில் கார் நின்றுபோனாலும் இதே விதிதான். மறுபடி ஸ்டார்ட் பண்ணாமல், நியூட்ரலில் போட்டுத் தள்ளி வெளியே கொண்டுவாருங்கள். எலெக்ட்ரிக் கார் என்றால் பேட்டரி பக்கம், ஆரஞ்சு நிற ஒயர்கள் பக்கம் கையே வைக்கக் கூடாது.

2. எரிபொருள் மாறிப் போயிருந்தால்: டீசல் காரில் பெட்ரோல் போட்டுவிட்டார்கள் என்று பங்க்கிலேயே தெரிந்துவிட்டால், அங்கேயே தள்ளி ஓரம்கட்டுங்கள். டீசல் பம்ப்புக்கு டீசல்தான் மசகு. பெட்ரோல் போனால் உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும். பல கார்களில் சுவிட்ச்சை ஆன் பண்ணினாலே பம்ப் ஓட ஆரம்பித்துவிடும். டேங்க்கை முழுசாக இறக்கிச் சுத்தம் செய்த பிறகுதான் சாவி.

3. பெட்ரோல் வாடையோ கருகிய வாடையோ வந்தால்: கீழே பெட்ரோல் சொட்டுகிறது, பானெட்டிலிருந்து புகை வருகிறது, பேட்டரி பலாப்பழம் மாதிரி உப்பியிருக்கிறது... இதில் எது இருந்தாலும் எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். அடுத்த வேலை மெக்கானிக்குடையது.

முதல் 1 நிமிடம்: இதையெல்லாம் பார்த்தாச்சா?

சிரிக்காதீர்கள். மெக்கானிக் வந்து இரண்டே நொடியில் ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போன கதைகளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இவைதான்.

* கியர்: மேனுவல் கார் என்றால் கிளட்ச்சை அடிவரை மிதியுங்கள். புதிய கார்கள் பலவற்றில் கிளட்ச் முழுசாக இறங்கவில்லை என்றால் செல்ஃப் எடுக்காது. காலடியில் மேட் மடங்கிக் கிடந்தாலே போதும், கிளட்ச் அடிவரை போகாது. ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில் இருக்கிறதா, பிரேக்கை நன்றாக அழுத்தினீர்களா என்று பாருங்கள். 'பி'யில் எடுக்கவில்லை என்றால் 'என்'-ல் போட்டு முயற்சி செய்யுங்கள்.

* சாவியே திரும்பவில்லையா: அது ஸ்டீயரிங் லாக். ஸ்டீயரிங்கை இடதும் வலதுமாக லேசாக ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். முரட்டுத்தனம் காட்டினால் சாவி உடையும்.

* பட்டன் ஸ்டார்ட் காரா: 'கீ நாட் டிடெக்டட்' என்று வந்தால், ரிமோட்டில் இருக்கும் பட்டன் செல் தீர்ந்திருக்கலாம். பல கார்களில் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிவிடும். எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலில் இருக்கும். பல ரிமோட்டுகளில் இருப்பது சிஆர் 2032 என்ற செல். வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

* எரிபொருள்: முள் காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம். டேங்க்கில் கொஞ்சமே இருந்து, கார் சரிவில் நின்றால் பம்ப்புக்கு எட்டாமல் போகலாம். சிஎன்ஜி கார் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் முள்ளையும் பாருங்கள். பல மாடல்கள் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, பிறகுதான் சிஎன்ஜிக்கு மாறும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா? இப்போது காதைக் கொடுங்கள்.

சத்தம் 1: ஒண்ணுமே இல்லை, டேஷ்போர்டு லைட்டும் எரியலை

பேட்டரி முழுசாகக் காலி, அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது. ராத்திரி முழுக்க உள்லைட்டோ டிக்கி லைட்டோ எரிந்திருக்கலாம். டேஷ் கேம், தனியாகப் போட்ட ஆம்ப்ளிஃபயர் போன்றவையும் நின்ற இடத்தில் கரன்ட்டை உறிஞ்சும்.

பானெட்டைத் திறந்து டெர்மினல்களைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசையவே கூடாது. அசைந்தால் 10 எம்.எம் ஸ்பேனர் போட்டு முறுக்கினாலே பல கார்களில் வேலை முடிந்தது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துப்போயிருந்தால் கரன்ட் சரியாகப் பாயாது. சுத்தம் செய்யக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஏன் இந்த வரிசை? நெகட்டிவ் காரின் பாடியோடு இணைந்திருக்கிறது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ்வில் ஸ்பேனர் வைத்து, அது பாடியில் பட்டால் பொறி பறக்கும்.

கழற்றிய டெர்மினலில் சமையல் சோடா கலந்த தண்ணீரைத் தடவி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். அந்தப் பொடி கையிலோ கண்ணிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் ஆசிட் இருக்கலாம்.

சத்தம் 2: 'டக் டக் டக் டக்'

வேகமாக, விடாமல் வரும் இந்தச் சத்தம் பேட்டரி வீக் என்பதற்கான அடையாளம். சாலினாய்டை இழுக்க கரன்ட் இருக்கிறது. மோட்டாரைச் சுற்ற இல்லை. மோட்டார் கரன்ட்டைக் கேட்டதும் வோல்டேஜ் படுத்துவிடுகிறது, சாலினாய்டு விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. அதுதான் அந்த 'டக் டக்'.

உறுதிப்படுத்த ஒரு சுலப வழி உண்டு. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருகுங்கள். லைட் ஒரேயடியாக மங்கினால் அல்லது அணைந்தால் பேட்டரியோ டெர்மினலோதான் பிரச்னை. 'உர்ர்... உர்ர்...' என்று என்ஜின் சோம்பலாகச் சுற்றுவதும் இதே கேஸ்தான்.

சத்தம் 3: ஒரே ஒரு 'டக்', அப்புறம் அமைதி

ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, திருகினால் ஒரே ஒரு 'டக்'. பேட்டரி மேல் சந்தேகம் குறைகிறது. செல்ஃப் மோட்டார், அதன் சாலினாய்டு, அல்லது அங்கே போகும் ஒயர் பக்கம் பார்க்க வேண்டும். செல்ஃப் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலும் இப்படி வரும். 'செல்ஃபையே மாத்தணும்' என்று சொன்னால், 'பிரஷ் மட்டும் மாத்திப் பார்க்கலாமாண்ணே?' என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பல நேரங்களில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடையிலேயே அதைச் சரிசெய்துவிட முடியும்.

சத்தம் 4: லைட் எல்லாம் எரியுது, ஆனா சத்தமே இல்லை

பேட்டரியில் உயிர் இருக்கிறது. ஆனால், 'சுற்று' என்ற கட்டளை செல்ஃப் வரை போகவில்லை. கிளட்ச் சுவிட்ச், கியர் பொசிஷன் சுவிட்ச், ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்ச் என்று வழியில் எங்கேயோ அறுந்திருக்கிறது.

ஃபியூஸ் பாக்ஸ் மூடியில் எது எதற்கு என்ற படம் பல கார்களில் இருக்கும். போன ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸ் மட்டுமே போட வேண்டும். வெள்ளிப் பேப்பர் சுற்றுவது, ஒயர் முறுக்கிப் போடுவது எல்லாம் தீயை வீட்டுக்கு அழைக்கும் வேலை. ரிலே மேல் சந்தேகம் என்றால் ஒரு டிரிக் உண்டு. பல கார்களில் ஹார்ன் போன்ற வேறொன்றுக்கும் அதே நம்பர் ரிலேதான் இருக்கும். மேலே அச்சடித்த நம்பர் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் மட்டும், இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். கார் ஸ்டார்ட் ஆகி ஹார்ன் அடிக்காமல் போனால் குற்றவாளி சிக்கிவிட்டது.

சத்தம் 5: செல்ஃப் நல்லா எடுக்குது, என்ஜின் பிடிக்கலை

இப்போது கரன்ட் பக்கத்தை விட்டுவிடலாம். சாவி, பெட்ரோல், ஸ்பார்க் என்று வரிசையாக வாருங்கள்.

* இம்மொபிலைசர்: டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு போட்ட கார் படம் மின்னுகிறதா? சாவிக்குள் இருக்கும் சிப்பை கார் படிக்கவில்லை. ஒரே வளையத்தில் இருக்கும் மற்ற வண்டிச் சாவிகளைக் கழற்றிவிட்டு முயற்சி செய்யுங்கள். ஸ்பேர் சாவி இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். ஸ்பேர் சாவியில் எடுத்தால் காரில் பிரச்னை இல்லை, சாவியில்தான்.

* பெட்ரோல் பம்ப்: ஜன்னலை மூடி, ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, செல்ஃப் எடுக்காமல் சுவிட்ச்சை மட்டும் ஆன் பண்ணுங்கள். பின் சீட் பக்கமிருந்து இரண்டு, மூன்று நொடி 'ஊங்ங்' என்று ஒரு மெல்லிய சத்தம் வரும். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் அது பம்ப். வழக்கமாக வரும் அந்தச் சத்தம் இன்று வரவில்லை என்றால் பம்ப், அதன் ஃபியூஸ், ரிலேயைப் பாருங்கள்.

* பெட்ரோல் அதிகமாகிவிட்டதா: பலமுறை திருகித் திருகி உள்ளே பெட்ரோல் வாடை தூக்கலாக வந்தால், 10 நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு ஆக்சிலரேட்டரை அடிவரை அழுத்திக்கொண்டே செல்ஃப் எடுங்கள். பல ஃபியூல் இன்ஜெக்‌ஷன் கார்களில் இப்படிச் செய்தால் பெட்ரோல் நின்று, காற்று மட்டும் போய் உள்ளே உலரும். பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள்.

* எலி: நம்மூரில் இதை லிஸ்ட்டில் சேர்க்காமல் இருக்க முடியாது. சில நாள் ஓட்டாமல் நின்ற கார் என்றால் பானெட்டைத் திறந்து ஒயர்களைப் பாருங்கள். கடித்த தடம், புழுக்கை, தேங்காய் நார் கிடந்தால் ஸ்டார்ட் பண்ணாமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒயர் தோல் போன இடத்தில் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு.

* சென்சார்: நல்லா ஓடின கார், சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆக மறுத்து, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் தெரியாத மாதிரி ஸ்டார்ட் ஆனால், கிராங்க் ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் மேல் சந்தேகப்படலாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் ஒரு ப்ளூடூத் ஸ்கேனரை மாட்டினால் உங்கள் போனிலேயே எரர் கோடு தெரியும். 'பி0335' என்று வந்தால் அது இந்த சென்சாரின் சர்க்யூட். கோடு வந்ததும் சென்சாரை மாற்றிவிடாதீர்கள். ஒயர் அறுந்தாலும் அதே கோடுதான் வரும்.

* டீசல் காரா: சுருள் மாதிரி ஒரு மஞ்சள் லைட் எரிந்தால், அது அணையும்வரை பொறுத்து செல்ஃப் எடுங்கள். டேங்க் வறண்டு நின்றுபோன டீசல் கார், டீசல் ஊற்றிய உடனேயே ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். லைனில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். 'ஏர் எடுக்கணும்' என்று சொன்னால் எந்த டீசல் மெக்கானிக்குக்கும் புரியும்.

எந்த கேஸாக இருந்தாலும் ஒரு விதி: ஒரு தடவைக்கு 5 முதல் 10 நொடிக்கு மேல் செல்ஃப் எடுக்காதீர்கள். நடுவில் குறைந்தது 30 நொடி ஓய்வு. மூன்று, நான்கு தடவைக்கும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

ஜம்ப் ஸ்டார்ட்: வரிசைதான் முக்கியம்

பேட்டரி வீக் என்று தெரிந்துவிட்டது, பக்கத்தில் இன்னொரு கார் இருக்கிறது, ஜம்ப் கேபிளும் இருக்கிறது. உதவிக்கு வரும் வண்டியும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். லாரி, பஸ்களில் பெரும்பாலும் 24 வோல்ட் சிஸ்டம். அதிலிருந்து எடுத்தால் உங்கள் காரின் எலெக்ட்ரானிக்ஸ் காலி. உப்பிய, விரிசல் விட்ட, கசியும் பேட்டரிக்கு ஜம்ப் பண்ணவே கூடாது.

இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டையும் ஆஃப் பண்ணிவிட்டு ஆரம்பியுங்கள்.

1. சிவப்பு கேபிளின் ஒரு முனை, டவுன் ஆன பேட்டரியின் பாசிட்டிவ்வில்.
2. மறுமுனை, நல்ல பேட்டரியின் பாசிட்டிவ்வில்.
3. கறுப்பு கேபிளின் ஒரு முனை, நல்ல பேட்டரியின் நெகட்டிவ்வில்.
4. கடைசி முனை, டவுன் ஆன காரின் என்ஜினில் பெயின்ட் இல்லாத ஓர் உலோகப் பகுதியில். பேட்டரியில் அல்ல. பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். கடைசி இணைப்பில் பறக்கும் பொறி அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

நல்ல காரை ஸ்டார்ட் பண்ணி சில நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு உங்கள் காரை ஸ்டார்ட் பண்ணுங்கள். எடுத்ததும் இதே வரிசையைத் தலைகீழாகச் செய்து கேபிள்களைக் கழற்றுங்கள். உடனே ஆஃப் பண்ணிவிடாமல், குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

எலெக்ட்ரிக், ஹைபிரிட் கார்களிலும் பெரிய பேட்டரியோடு சின்னதாக ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது டவுன் ஆனால், பெரிய பேட்டரியில் 80 சதவிகிதம் சார்ஜ் இருந்தாலும் கார் 'ஆன்' ஆகாமல் போகும். அதற்கு எப்படி உதவி கொடுப்பது என்பதை மேனுவலைப் பார்த்து மட்டுமே செய்யுங்கள்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

மேனுவல் கியர், பேட்டரி மட்டும்தான் பிரச்னை, சமதளமான காலியான ரோடு... மூன்றும் இருந்தால் தள்ளலாம். சுவிட்ச்சை ஆன் பண்ணி, கிளட்ச்சை மிதித்து, இரண்டாவது கியரில் போட்டு, நடையைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகம் வந்ததும் கிளட்ச்சைச் சட்டென்று விட வேண்டும். பிடித்ததும் மறுபடி கிளட்ச்.

என்ஜின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கல்லு மாதிரி இருக்கும். அதனால் இறக்கத்தில் விளையாட வேண்டாம். ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. பேட்டரியில் துளி கரன்ட்கூட இல்லை என்றால் மேனுவலும் எடுக்காது. ஈசியு, பெட்ரோல் பம்ப் இரண்டும் ஓட கரன்ட் வேண்டும். செல்ஃப் நன்றாக எடுத்தும் பிடிக்காத காரைத் தள்ளுவதிலும் அர்த்தம் இல்லை. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

ஸ்டார்ட் ஆகிடுச்சு... வேலை முடிஞ்சிடுச்சா?

இல்லை. ஏன் டவுன் ஆனது என்று தெரியாவிட்டால் நாளைக்குக் காலையிலும் இதே கதைதான். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கி வீட்டில் வையுங்கள். டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பை பாசிட்டிவ்விலும் கறுப்பை நெகட்டிவ்விலும் தொடுங்கள்.

ஓட்டி முடித்துச் சில மணி நேரம் நின்ற காரில் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் பேட்டரி ஃபுல். 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. செல்ஃப் எடுக்கும் நொடியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி வீக்.

அடுத்து, என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.5-லேயே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. அப்போது புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதுவும் டவுன் ஆகும். பேட்டரிக்கும் செலவு, ஆல்டர்னேட்டருக்கும் செலவு என்று இரட்டை அடி விழுவது இந்த ஒரு செக்கைப் பண்ணாததால்தான்.

நம்மூர் வெயிலுக்கு ஒரு பேட்டரி 3 முதல் 4 வருஷம் உழைத்தால் நல்ல உழைப்பு. வாங்கிய தேதியை போனில் குறித்து வையுங்கள். தினமும் 2 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஒரு ரவுண்டு போய்விட்டு வாருங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிடுவது பேட்டரிக்குப் பெரிய உதவி இல்லை.

மெக்கானிக்கிட்ட இப்படிச் சொல்லுங்க

'அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகலை, வாங்க' என்று மட்டும் சொன்னால், அவர் என்ன எடுத்துக்கொண்டு வருவார்? அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

'அண்ணே, பெட்ரோல் வண்டி. நேத்து ராத்திரி நல்லாத்தான் ஓடுச்சு. இப்போ திருகினா டக் டக்குனு சத்தம் மட்டும் வருது, ஹெட்லைட் மங்குது. டெர்மினல் டைட்டாத்தான் இருக்கு. பேட்டரி போட்டு நாலு வருஷம் ஆச்சு.'

அவர் கையோடு பேட்டரியும் டெஸ்ட்டரும் கொண்டுவருவார். இல்லை, 'செல்ஃப் எடுக்குது, பம்ப் சத்தம் வரலை' என்று சொன்னால் வேறு சாமான் எடுத்து வருவார். இன்னும் சுலபமாக, ஒரே ஒரு தடவை சாவியைத் திருகி, அந்தச் சத்தத்தோடு டேஷ்போர்டை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு விஷயம் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டால், தேவையில்லாத பார்ட்ஸ் பில்லில் ஏறும் வாய்ப்பும் குறையும். மாற்றிய பழைய பார்ட்ஸைக் கையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுரோட்டில் நின்னுட்டா?

காரைவிட நீங்கள் முக்கியம். ஹஸார்டு லைட்டைப் போடுங்கள். முடிந்தால் இடது ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஹைவே என்றால் எல்லோரும் இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். வார்னிங் டிரையாங்கிளை காருக்குப் பின்னால் 50 மீட்டராவது தள்ளி வையுங்கள். இருட்டில் காருக்குப் பின்னால் நின்று பானெட், டிக்கி என்று அலைய வேண்டாம்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அடியுங்கள். அது நெடுஞ்சாலை ஆணையத்தின் 24 மணி நேர உதவி எண். நிற்கும் இடம் பாதுகாப்பாகத் தோன்றவில்லை என்றால் 112. கார் கம்பெனி அல்லது இன்ஷூரன்ஸின் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் உங்களுக்கு இருக்கிறதா, அதன் நம்பர் என்ன என்பதை இன்றே பார்த்து போனில் சேவ் பண்ணிவிடுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு பாலிசி பிடிஎஃப் தேடுவது கொடுமை.

ஒரு ஜோடி ஜம்ப் கேபிள், 10 எம்.எம் ஸ்பேனர், டார்ச், நாலு ஸ்பேர் ஃபியூஸ், ஒரு பட்டன் செல். இவ்வளவும் ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிடும். டிக்கியின் மூலையில் போட்டு வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், ஒருநாள் பார்க்கிங்கில் பக்கத்து காரிலிருந்து 'டக் டக் டக்' என்று கேட்கும்போது, அவர்களுக்குத் தேவைப்படும்!